ஆலைக் கழிவுநீரில் கன உலோகம்: நுண்ணுயிர் முறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முலாம் பட்டறை வைத்திருப்பவர்கள், தோல் ஆலைகளில் இ.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) பார்ப்பவர்கள், சுற்றுச்சூழல் பொறியியல் மாணவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைப் பெரும்பாலும் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

பாக்டீரியா உலோகத்தைத் தின்றுவிடும் என்று விற்பனையாளர் சொல்கிறார். உண்மையா?

இல்லை. சர்க்கரையைப் பாக்டீரியா தின்றால் அது கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் மாறிப் போய்விடும். குரோமியமும் நிக்கலும் தனிமங்கள். அவற்றை உடைத்து வேறொன்றாக்க எந்த உயிராலும் முடியாது. 10 கிலோ நிக்கல் உள்ளே வந்தால், அந்த 10 கிலோவும் வெளியேறும் நீரிலோ, கசட்டிலோ, குழாய்ச் சுவரிலோ இருந்தே தீரும். நுண்ணுயிரால் முடிந்தது, கரைந்திருக்கும் உலோகத்தைக் கரையாத வடிவத்துக்கு மாற்றி, பிரித்தெடுக்க வசதி செய்து தருவது மட்டும்தான். யார் எதை விற்க வந்தாலும் முதலில் கேளுங்கள்: "சரி, உலோகம் கடைசியில் எங்கே போகிறது?" பதில் மழுப்பலாக வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

அப்படியானால் "உயிரியல் முறை" என்று எதைச் சொல்கிறார்கள்?

ஒரே பெயரில் பல சங்கதிகள் ஓடுகின்றன. குழப்பமே அங்குதான் தொடங்குகிறது. செத்த உயிர்ப்பொருளின் மேல் உலோக அயனிகள் ஒட்டிக்கொள்வது ஒன்று. உயிருள்ள செல் உலோகத்தை உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்வது இன்னொன்று. பாக்டீரியா உலோகத்துக்கு எலெக்ட்ரானைக் கொடுத்து அதன் இணைதிறனை மாற்றுவது மூன்றாவது. ஆறு இணைதிறன் குரோமியம் மூன்றாக இறங்குவது இப்படித்தான். நான்காவது, சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்க, அந்த சல்பைடு உலோகத்தோடு சேர்ந்து திடமாக இறங்குவது. செடிகள், செயற்கைச் சதுப்பு நிலங்கள் தனி வகை.

இவற்றில் ஆலை அளவில் வருடக் கணக்காக ஓடி நிரூபித்தது பெரும்பாலும் நான்காவதுதான். மூன்றாவது சில இடங்களில் நன்றாக வேலை செய்கிறது. முதல் இரண்டைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் மலையாகக் குவிந்திருக்கின்றன. ஆலைகள் அந்த அளவுக்கு இல்லை.

சுண்ணாம்பும் காஸ்டிக்கும் போட்டு இறக்கிக்கொண்டுதானே இருக்கிறோம்? இது எதற்கு?

உங்கள் நீரில் ஒரே ஓர் உலோகம், அதுவும் அதிக அளவில் இருந்தால், சுண்ணாம்பே போதும். சிக்கல் இரண்டு இடங்களில் வருகிறது.

முதலாவது, கலவை. குரோமியம் ஹைட்ராக்சைடாக நன்றாக இறங்குவது பி.எச். 8-லிருந்து 9-க்குள். துத்தநாகத்துக்கு 9 முதல் 10. நிக்கலுக்கு 10-க்கு மேல் போக வேண்டும். நிக்கலுக்காக பி.எச்.சை ஏற்றினால், இறங்கிய குரோமியமும் துத்தநாகமும் மறுபடி கரையத் தொடங்கும். எல்லா ரின்ஸ் நீரையும் (முலாம் பூசிய பொருளைக் கழுவிய நீர்) ஒரே தொட்டியில் விட்டுவிட்டு, "ரிப்போர்ட்டில் ஏதாவது ஒன்று எப்போதும் தாண்டுகிறது" என்று புலம்புபவர்களின் பிரச்சினை இதுதான்.

இரண்டாவது, கடைசிச் சில மில்லிகிராம்கள். நீர்நிலையில் விடுவதற்கான பொது வரம்பு, லிட்டருக்கு, மொத்த குரோமியம் 2 மில்லிகிராம், ஆறு இணைதிறன் குரோமியம் 0.1, நிக்கல் 3, துத்தநாகம் 5, ஈயம் 0.1, பாதரசம் 0.01. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உங்களுக்குத் தந்த ஒப்புதல் ஆணையில் இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் உங்களுக்குப் பொருந்தும். செம்பு, துத்தநாகம், ஈயம், காட்மியம் ஆகியவற்றின் சல்பைடுகள் அவற்றின் ஹைட்ராக்சைடுகளைவிடப் பல மடங்கு குறைவாகவே கரையும். அதனால் நடுநிலை பி.எச்.சிலேயே மிகக் கீழே கொண்டுவர முடிகிறது. கசடும் அடர்த்தியாக, குறைந்த கன அளவில் வரும். சுண்ணாம்புக் கசடு போல ஜெல்லியாகத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்காது.

ஆய்வகத்தைத் தாண்டி எங்காவது ஓடியிருக்கிறதா?

நெதர்லாந்தின் தெற்கு ஓரம், பெல்ஜியம் எல்லையை ஒட்டி, புடெல் என்ற ஊரில் ஒரு துத்தநாக உருக்காலை இருக்கிறது. 1892-இல் தொடங்கியது. ஒரு நூற்றாண்டு உருக்கலில் ஆலைக்கு அடியிலுள்ள நிலத்தடி நீர் துத்தநாகத்தாலும் சல்பேட்டாலும் கெட்டுப்போனது. கெட்ட நீர் சுற்றுவட்டாரத்துக்குப் பரவாமலிருக்க, கிணறுகள் போட்டு இறைத்தார்கள். இறைத்த நீரில் லிட்டருக்குச் சுமார் 100 மில்லிகிராம் துத்தநாகம், சுமார் 1,000 மில்லிகிராம் சல்பேட்.

1992-இல் அங்கே பேக்ஸ் என்ற டச்சு நிறுவனத்தின் முறையில் ஒரு நிலையம் ஓடத் தொடங்கியது. காற்றில்லாத தொட்டியில் சல்பேட் குறைக்கும் பாக்டீரியா. அவற்றுக்கு உணவு எத்தனால். உண்டாகும் சல்பைடு துத்தநாகத்தை இறக்குகிறது. மிச்சப்படும் சல்பைடை அடுத்த தொட்டியில் கொஞ்சமாகக் காற்று கொடுத்து, வேறு வகைப் பாக்டீரியாவைக் கொண்டு தனிக் கந்தகமாக மாற்றுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடப்பது. இறங்கிய துத்தநாக சல்பைடு குப்பைக்குப் போவதில்லை. உருக்காலைக்கு வரும் தாதுவும் துத்தநாக சல்பைடுதானே! கசடு அப்படியே ஆலையின் மூலப்பொருளோடு சேர்ந்துவிடுகிறது. "உலோகம் எங்கே போகிறது" என்ற கேள்விக்கு இதைவிடச் சுத்தமான பதில் கிடைப்பது கடினம். ஆனால் பக்கத்திலேயே உருக்காலை இருக்கிற பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்காது. இந்த எடுத்துக்காட்டைக் காட்டி உங்களிடம் ஒன்றை விற்க வருபவர் அதைச் சொல்ல மாட்டார்.

தோல் ஆலையின் குரோமியத்துக்கு இது ஒத்துவருமா?

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து அதிகம் வரும் கேள்வி இது. குரோம் நீருக்கு இது முதல் வழி அல்ல என்பதே என் பதில். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். அது தண்ணீரில் சல்பைடாக இறங்காது. சல்பைடு போட்டாலும் ஹைட்ராக்சைடாகத்தான் இறங்கும். அதற்குக் காரத்தன்மை போதும், பாக்டீரியா வேண்டியதில்லை. வழக்கமான முறையில் டிரம்மில் போடும் குரோமியத்தில் 60–70 சதவீதத்தைத்தான் தோல் பிடிக்கிறது. மிச்சம் லிக்கரோடு, அதாவது பதனிட்ட கரைசலோடு, வெளியே வருகிறது. அதில் குரோமியத்தின் செறிவு லிட்டருக்குக் கிராம் கணக்கில் இருக்கும். அந்த லிக்கரைத் தனி வாய்க்காலில் பிடித்து, மெக்னீசியம் ஆக்சைடு போட்டு இறக்கி, கந்தக அமிலத்தில் கரைத்து, மறுபடி பதனிடும் டிரம்முக்கே அனுப்பலாம். அது மருந்துச் செலவை மிச்சப்படுத்தும் சரக்கு. அதைப் போய் மற்ற நீரோடு கலந்து நீர்க்கச் செய்துவிட்டு, பிறகு பாக்டீரியாவைக் கூப்பிடுவது வீண் வேலை.

இன்னொன்று. தோல் ஆலைக் கழிவுநீரில் சல்பேட் ஏராளம்: பிக்கிளிங் (பதனிடுவதற்கு முன் தோலை அமிலத்தில் ஊறவைப்பது) அமிலத்திலிருந்தும் குரோம் உப்பிலிருந்தும் வருவது. கரிமப் பொருளும் ஏராளம். நீங்கள் அழைக்காமலேயே சல்பேட் குறைக்கும் பாக்டீரியா அங்கே குடியேறிவிடும். காற்றில்லாத குட்டைகளின் பக்கத்தில் அடிக்கும் அழுகிய முட்டை நாற்றம் அதுதான். இங்கே பிரச்சினை சல்பைடை உண்டாக்குவதல்ல, அடக்குவது.

அதே ஆலையில் மயிர் நீக்கும் இடத்தில் சோடியம் சல்பைடும் சுண்ணாம்பும் கலந்த நீர் வருகிறது. அதையும் அமிலத்தன்மையுள்ள பிக்கிள் அல்லது குரோம் நீரையும் ஒரே சம்ப்பில் (சேகரிப்புக் குழியில்) விட்டால், சில நிமிடங்களில் கொல்லும் அளவுக்கு ஹைட்ரஜன் சல்பைடு எழும். வாய்க்கால்களைப் பிரித்து வைக்கச் சொல்வது உலோகத்துக்காக மட்டுமல்ல.

ராணிப்பேட்டையில் கிடக்கும் குரோமியக் குவியலுக்கு?

அது வேறு கதை, வேறு குரோமியம். தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டபோது விட்டுச்சென்ற கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். அதில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது. அது நன்றாகக் கரையும், மண்ணில் நகரும், புற்றுநோய் உண்டாக்கும். மஞ்சளாகக் கசியும் நீர் அதன் அடையாளம்.

பல பாக்டீரியாக்கள் இதை மூன்று இணைதிறனாக இறக்கவல்லவை. நிலத்துக்குள் மொலாசஸ் (சர்க்கரை ஆலையின் கழிவுப் பாகு) போன்ற உணவைச் செலுத்தி, அங்கேயே இருக்கும் நுண்ணுயிர்களைத் தூண்டிவிடும் முறை வெளிநாடுகளில் குரோமியம் கலந்த நிலத்தடி நீரில் பயன்பட்டிருக்கிறது. கசிந்து பரவும் நீருக்கு அது பொருந்தும். குவியலுக்குப் பொருந்தாது, மூலம் அங்கேயே உட்கார்ந்திருக்கும் வரை கசிவு தொடரும். தவிர, மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் மூன்றாக இறங்கியது மறுபடி ஆறாக ஏறவும் கூடும்.

சல்பேட் குறைக்கும் பாக்டீரியாவை எங்கே வாங்குவது?

வாங்கவே வேண்டாம். பாக்கெட்டில் வரும் கல்ச்சர் பவுடருக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் தண்டம். டெசல்ஃபோவிப்ரியோ போன்ற சல்பேட் குறைக்கும் வகையறாக்கள் சேறு இருக்கும் இடமெல்லாம் இருக்கின்றன. நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையத்தின் டைஜெஸ்டர் (காற்றில்லாமல் கசட்டை நொதிக்கவைக்கும் தொட்டி) கசடு கிடைத்தால் அதுவே நல்ல விதை. இல்லையென்றால் சாண எரிவாயுக் கலத்தின் கசடு, அல்லது கழிமுகத்துக் கரிய சேறு. கொண்டுவந்து, சல்பேட்டும் உணவும் உள்ள நீரில், காற்றுப் புகாமல், பி.எச். 7 – 8, வெப்பம் 30 – 35 டிகிரியில் வையுங்கள். நம் ஊர் வெயிலுக்குச் சூடேற்றி தேவைப்படாது. சில வாரங்கள் பொறுக்க வேண்டும். எதைச் சாப்பிடப் பழகியதோ அதையே தொடர்ந்து கொடுங்கள். வாரத்துக்கு ஓர் உணவாக மாற்றினால் தேறாது.

எவ்வளவு உணவு தேவைப்படும்?

கணக்கு எளிது. ஒரு கிலோ துத்தநாகத்தை இறக்கச் சுமார் அரை கிலோ சல்பைடு வேண்டும். அதற்குச் சுமார் ஒன்றரை கிலோ சல்பேட் குறைய வேண்டும். ஒரு கிலோ சல்பேட் குறைய 0.67 கிலோ சி.ஓ.டி. (கரிம உணவை, அது எரிய வேண்டிய ஆக்சிஜனால் அளக்கும் அளவு) தேவை. ஆக, ஒரு கிலோ துத்தநாகத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சி.ஓ.டி. தினம் 20 கிலோ லிட்டர் நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் துத்தநாகம் வருகிறது என்றால், நாளுக்கு ஒரு கிலோ துத்தநாகம், அதற்கு ஒரு கிலோ சி.ஓ.டி. என்பதே உங்கள் கணக்கு. எத்தனாலாகக் கொடுத்தால் அரை கிலோ.

இது தாளில். தொட்டியில் மீத்தேன் உண்டாக்கும் கூட்டமும் அதே உணவுக்குப் போட்டி போடும், பாக்டீரியா தன் உடலை வளர்க்கவும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதனால் கூடுதலாகவே போட வேண்டியிருக்கும். அதிகமாகப் போட்டால் மிஞ்சிய சி.ஓ.டி. உங்கள் அடுத்த தலைவலி. பக்கத்தில் மதுபான ஆலைக் கழிவோ ஜவ்வரிசி ஆலைக் கழிவோ இலவசமாகக் கிடைத்தால் உணவுச் செலவு குறையும், ஆனால் தரம் நாளுக்கு நாள் மாறும்.

உலோகமே பாக்டீரியாவைக் கொன்றுவிடாதா?

கொல்லும். கரைந்த செம்போ நிக்கலோ லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் போனாலே பல கூட்டங்கள் சோர்ந்துவிடும். புடெல் போல ஒரே தொட்டியில் நடத்தும்போது, ஏற்கெனவே நிற்கும் சல்பைடு உள்ளே வரும் உலோகத்தை உடனே பிடித்துக் காப்பாற்றுகிறது. சல்பைடு தீர்ந்த நாளில் எல்லாம் சரியும்.

பாதுகாப்பான வழி, இரண்டையும் பிரித்து வைப்பது. ஒரு தொட்டியில் பாக்டீரியா நிம்மதியாக சல்பைடு உண்டாக்கட்டும். அந்த வாயுவை மட்டும் அடுத்த தொட்டியிலுள்ள உலோக நீருக்குள் செலுத்துங்கள். அரிசோனாவில் பிஸ்பீயின் பழைய செம்புச் சுரங்கத்தில் 2004 முதல் இப்படித்தான் செம்பைப் பிரித்தெடுத்தார்கள்; அங்கே பாக்டீரியாவுக்குக் கொடுத்தது தனிக் கந்தகம். பி.எச்.சை மாற்றி முதலில் செம்பு, பிறகு துத்தநாகம் என்று தனித்தனியாகவும் இறக்க முடியும்.

வேலை செய்கிறதா என்று ரிப்போர்ட் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, கண்ணே போதும். ஒரு கண்ணாடிக் குடுவையில் பாக்டீரியாத் தொட்டியின் தெளிந்த நீரை எடுத்து, ரின்ஸ் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். செம்பும் ஈயமும் இருந்தால் ஊற்றிய இடத்திலேயே கருப்பு இழையாக ஓடும். காட்மியம் பளிச்சென்ற மஞ்சள். துத்தநாகம் மட்டும் என்றால் நீர் பால் கலந்ததுபோல வெளுக்கும். இரும்பு கலந்திருந்தால் எல்லாவற்றையும் கருப்பு விழுங்கிவிடும், நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அப்புறம் குடுவையை அசைக்காமல் வையுங்கள். அரை மணி கழித்தும் அந்த வெள்ளை அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். பலர் தோற்பது இங்கேதான்: உலோகம் கரைசலைவிட்டு வந்துவிட்டது, ஆனால் துகள் அவ்வளவு நுண்மை. பாலிமர் கொஞ்சம், மெதுவான கலக்கல், பழைய கசட்டில் ஒரு பங்கைத் திருப்பிவிடுவது. இவை இல்லாமல் கிளாரிஃபையரில் (துகள் படியவிடும் தொட்டியில்) தெளிவு வராது. இந்தச் சோதனையைத் திறந்த வெளியில் செய்யுங்கள்.

நாற்றம்தானே, பழகிவிடும் இல்லையா?

பழகுவதுதான் ஆபத்து. ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மூக்குக்குத் தெரியும். 100 பங்கைத் தொட்டதும் முகரும் சக்தியே மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து ஆள் உள்ளே இறங்குவார். 500-க்கு மேல் போனால் மயங்கி விழச் சில நிமிடங்கள் போதும். காற்றைவிடக் கனமானது என்பதால் குழியின் அடியில் தங்கும். விழுந்தவரைத் தூக்க இறங்கிய இரண்டாவது ஆளும் விழுவதுதான் இத்தகைய விபத்துகளின் வாடிக்கை.

மூடிய தொட்டி, வெளியேறும் வாயுவைக் காஸ்டிக் கரைசலில் கழுவும் ஸ்க்ரப்பர், இடுப்பில் மாட்டும் வாயு மானி, இறங்குவதற்கு முன் காற்றோட்டம், மேலே கயிறு பிடிக்க ஆள். இவற்றுக்குப் பணமில்லை என்றால் சல்பைடு முறையையே தொடாதீர்கள்.

கடற்பாசி, தென்னை நார்த்தூள், காய்ந்த ஈஸ்ட் போன்றவை உலோகத்தைப் பிடிக்கும் என்று படித்தோமே?

பிடிக்கும். சர்காசம் பாசியின் செல் சுவரிலுள்ள ஆல்ஜினேட்டின் கார்பாக்சில் தொகுதிகள் ஈயத்தையும் செம்பையும் நன்றாகவே பற்றிக்கொள்ளும். மாணவர்களின் புராஜெக்டுக்கு அருமையான தலைப்பு. அமெரிக்காவில் 1980, 90-களில் ஆல்காசார்ப், பயோ-ஃபிக்ஸ் போன்ற பெயர்களில் இப்படிப்பட்ட மணிகள் உருவாக்கப்பட்டன. அயனிப் பரிமாற்ற ரெசினை (உலோக அயனிகளைப் பிடிக்கும் செயற்கை மணிகள்) அவற்றால் சந்தையிலிருந்து அசைக்க முடியவில்லை. காய்ச்சி வடித்த நீரில் ஓர் உலோகத்தை மட்டும் கரைத்துச் சோதிக்கும்போது வரும் எண், உப்பும் கால்சியமும் எண்ணெயும் கலந்த உண்மையான கழிவுநீரில் வராது. கட்டுரையைப் படிக்கும்போது எந்த நீரில் சோதித்தார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

ஆகாயத்தாமரை, வெட்டிவேர், சம்பு வளர்த்தால்?

கடைசிக் கட்ட மெருகுக்குச் சரி. செயற்கைச் சதுப்பு நிலத்தில் உலோகத்தைப் பிடிப்பது பெரும்பாலும் செடி இல்லை, வேருக்கு அடியிலுள்ள கரிய சேறு; அங்கேயும் நடப்பது அதே சல்பைடு வேலைதான். ஆகாயத்தாமரையில் ஏறிய உலோகத்தை அறுத்து அப்புறப்படுத்த வேண்டும். மாட்டுக்குப் போடுவதோ மட்கவைத்து வயலில் இறைப்பதோ, ஆலையில் பிடித்ததை ஊருக்குள் திருப்பி விடுவதாகும்.

பாதரசத்துக்கு?

சல்பேட் குறைக்கும் பாக்டீரியாவைக் கிட்டேயே விடாதீர்கள். அவற்றில் பல, பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக மாற்றும். மீனில் ஏறி மனிதரைப் பாதிப்பது அந்த வடிவம். பாதரசத்தைத் தாங்கும் வேறு பாக்டீரியாக்கள் அதை உலோகப் பாதரசமாக இறக்கும். ஜெர்மனியில் ஒரு குளோர்-ஆல்கலி (உப்பிலிருந்து குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுக்கும்) ஆலையின் கழிவுநீரில் அதை முன்னோட்ட அளவில் செய்து காட்டினார்கள். வல்லுநர் இல்லாமல் முயலும் வேலையல்ல.

சேரும் கசட்டை உரமாகப் போடலாமா?

கூடாது. கம்போஸ்ட்டுக்கு நம் நாட்டு வரம்பு, கிலோவுக்குக் குரோமியம் 50 மில்லிகிராம், நிக்கல் 50, ஈயம் 100, காட்மியம் 5. உலோகக் கசடு இதைப் பல நூறு மடங்கு தாண்டும். அது அபாயகரக் கழிவு. விதிப்படி ஆவணத்தோடு கும்மிடிப்பூண்டி போன்ற அங்கீகரிக்கப்பட்ட இடத்துக்குத்தான் போக வேண்டும். சல்பைடுக் கசடைத் திறந்த வெளியில் காயப்போட்டால் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்து, அமிலமும் கரையும் உலோகமுமாகத் திரும்பிவரும்.

கசட்டைத் தேக்கியே வைத்தால் என்ன ஆகும் என்பதை ராணிப்பேட்டை பார்த்திருக்கிறது. 2015 ஜனவரி 31 அதிகாலை, சிப்காட் தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள்.

எங்கள் பட்டறைக்குத் தினம் 5 கிலோ லிட்டர்தான். போடலாமா?

வேண்டாம். ஞாயிறு விடுமுறை, கரண்ட் கட், ஆர்டர் இல்லாத வாரம் என்று எது வந்தாலும் பாக்டீரியா பட்டினி கிடக்கும். உங்கள் அளவுக்கு ரசாயன இறக்கமும் ரெசினும் போதும். அதற்கும் முன்னால், பொருள்களை மாட்டிய ரேக்கை முலாம் தொட்டிக்கு மேலேயே 10–15 நொடி சொட்டவிட்டு எடுக்க ஆட்களைப் பழக்குங்கள். எதிரோட்ட ரின்ஸ் (பொருள் போகும் திசைக்கு எதிர்த் திசையில் கழுவும் நீர் ஓடும் தொட்டி வரிசை) வையுங்கள். செலவில்லாமல் இவ்வளவு உலோகத்தை மிச்சப்படுத்த வேறு எந்த இயந்திரமும் இல்லை.

தண்ணீர் கலந்து அளவைக் குறைத்துவிட்டால்?

சட்டப்படி அதற்கு அனுமதி இல்லை. தண்ணீர்க் கட்டணமும் உங்களுடையது.

பெரிய ஆலை, பலவகை உலோகம், சல்பேட்டும் அதிகம். எங்கிருந்து தொடங்குவது?

உங்களுக்குத்தான் இந்த முறை. தொட்டிக்கு டெண்டர் விடுவதற்கு முன் மாதிரி எடுங்கள். கலந்த நீரை எடுக்காமல், ஒவ்வொரு வாய்க்காலிலிருந்தும் தனியாக, 24 மணி நேரம் மணிக்கொரு முறை எடுத்துச் சேர்த்த மாதிரி. உலோகத்தோடு சல்பேட், சி.ஓ.டி., பி.எச்., உப்பு ஆகியவற்றையும் கேளுங்கள். மொத்த உலோகம் எவ்வளவு, கரைந்திருப்பது எவ்வளவு என்று இரண்டு எண்ணும் தனித்தனியாக வேண்டும். கரைந்ததற்கான மாதிரியை 0.45 மைக்ரான் தாளில் வடிகட்டிய பிறகே நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். அமிலத்தை முதலில் ஊற்றிவிட்டால் துகளாக இருந்ததும் கரைந்துவிடும். வடிகட்டியிலேயே நின்றிருக்க வேண்டிய உலோகத்துக்காக நீங்கள் ஒரு பெரிய பாக்டீரியாத் தொட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள்.